ஸ்கேன் பார்த்து எடுக்கும் பயாப்ஸி: நாள் குறித்ததிலிருந்து ரிப்போர்ட் வரும்வரை

“ஸ்கேனில் ஒரு கட்டி தெரிகிறது, பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிடலாம்” என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, வலிக்குமா என்றுதான். அடுத்தது, கேன்சரா என்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது: மரத்துப்போக ஊசி போடுவார்கள், தாங்கக்கூடிய வலிதான். இரண்டாவதற்குப் பதில் தெரியத்தான் பயாப்ஸியே. கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ஊசி சரியாக எந்த இடத்தைக் குறிவைக்கப் போகிறது? எடுத்த சதை எந்தெந்த பாட்டிலில் போகப்போகிறது? ஒருமுறை எடுத்தது போதாமல் மறுபடி படுக்க நேர்கிறதென்றால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று சறுக்கியிருக்கும்.

எந்த ஊசி, எந்த ஸ்கேன்

மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி ஸ்லைடில் தேய்ப்பது எஃப்.என்.ஏ.சி. ஊசி 22 முதல் 27 கேஜ் வரை இருக்கும். கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலிதாகும். ஆக இது ரத்தம் எடுக்கும் ஊசியின் பருமன்தான், பல சமயம் அதைவிட மெலிது. தைராய்டு கட்டிக்கும் கழுத்து நெறிகட்டிக்கும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். பத்து நிமிட வேலை, வெறும் வயிறு தேவையில்லை.

கோர் பயாப்ஸி வேறு. 14 முதல் 20 கேஜ் ஊசியால் ஒன்றிரண்டு செ.மீ. நீளமுள்ள மெல்லிய சதைத் துண்டையே வெட்டி எடுப்பது. மார்பகத்துக்கு வழக்கமாக 14 கேஜ். கல்லீரல், சிறுநீரகம், நுரையீரலுக்கு 16 முதல் 20. செல்கள் ஒன்றோடொன்று எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது துண்டில்தான் தெரியும். அதனால்தான் லிம்ஃபோமா, அதாவது நெறிகட்டியிலேயே தொடங்கும் கேன்சர், சந்தேகம் இருக்கும் நெறிகட்டிக்கு எஃப்.என்.ஏ.சி. போதாது. கோர் வேண்டும், சில சமயம் முழு நெறிகட்டியையே அறுவை செய்து எடுக்க வேண்டும். “முதலில் சின்ன ஊசியில் பார்த்துவிடலாமே” என்று நோயாளியே கெஞ்சிக் கேட்டு, இரண்டு வாரம் கழித்துப் பெரிய ஊசிக்கு வருவது அடிக்கடி நடப்பதுதான். ஒரே கட்டிக்கு இரண்டு முறை பணம், இரண்டு முறை பயம்.

எந்த ஸ்கேன் என்பது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அல்ட்ராசவுண்டில் தெரியும் எதையும் அல்ட்ராசவுண்டிலேயே எடுப்பது நல்லது. கதிர்வீச்சு இல்லை, ஊசி நகர்வது அந்தந்த நொடியே திரையில் தெரியும். ஆனால் ஒலி அலை காற்றையும் எலும்பையும் தாண்டாது. அதனால் நுரையீரலுக்கு உள்ளே இருக்கும் கட்டி, முதுகெலும்பு, வயிற்றின் பின்புற ஆழம் இவற்றுக்கு சி.டி. மார்பகத்தில் அல்ட்ராசவுண்டில் தெரியாமல் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் தெரியும் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளுக்கு மேமோகிராம் இயந்திரத்திலேயே எடுப்பார்கள். அந்த நாளில் மார்பிலும் அக்குளிலும் பவுடர், சென்ட் எதுவும் போட வேண்டாம். பவுடர் துகள் படத்தில் அதே புள்ளியாகத் தெரியும். புராஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. படத்தை அல்ட்ராசவுண்டோடு பொருத்தி எடுக்கும் முறை பெரிய ஊர்களில் வந்துவிட்டது. அங்கே ஒரு வரிசை முக்கியம்: எம்.ஆர்.ஐ. முதலில், பயாப்ஸி பிறகு. மாற்றிச் செய்தால் உள்ளே தேங்கிய ரத்தம் படத்தைக் குழப்பும். தெளிய ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டிவரும்.

பழைய படங்களை விட்டுவிட்டு வராதீர்கள்

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஃபிலிம், சி.டி. தட்டு, இப்போது பல ஸ்கேன் மையங்கள் தரும் லிங்க் என எது இருக்கிறதோ அதைக் கொண்டுவர வேண்டும். “வலது கல்லீரலில் 3 செ.மீ. கட்டி” என்று தாளில் இருப்பதை வைத்து ஊசி போட முடியாது. அந்த 3 செ.மீ.யில் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, எது உள்ளே செத்துப்போன திசு என்பது படத்தில்தான் தெரியும். பெரிய கட்டிகளின் நடுப்பகுதி பல நேரம் அழுகிப்போயிருக்கும். அங்கே குத்தினால் ரிப்போர்ட்டில் “நெக்ரோசிஸ் மட்டும்” என்று வரும், அதை வைத்து எந்த வைத்தியமும் தொடங்க முடியாது. பெட் ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். எந்த ஓரம் அதிகம் ஒளிர்கிறதோ அதுவே நல்ல குறி.

இரண்டு மூன்று இடங்களில் கட்டி இருந்தால், எளிதாகவும் ஆபத்தில்லாமலும் எட்டக்கூடிய இடத்தை எடுக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம். நுரையீரலில் கட்டி, கழுத்தெலும்புக்கு மேலே ஒரு நெறிகட்டி என்றால் கழுத்தில் எடுப்பது ஆபத்து குறைவு. நோய் அதுவரை பரவியிருக்கிறதா என்ற கேள்விக்கும் அதே ஊசியில் பதில் கிடைத்துவிடும்.

மாத்திரைப் பட்டியல்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை, தெரியாது. கொலஸ்ட்ரால் மாத்திரை என்று நினைத்து விழுங்கும் பல அட்டைகளில் ஆஸ்பிரின் சேர்ந்திருக்கிறது. எக்கோஸ்பிரின் ஏ.வி. என்றால் ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மருந்தும். பெயரின் கடைசியில் ‘கோல்டு’ என்று இருந்தால் பெரும்பாலும் அதோடு குளோபிடோக்ரெலும் உண்டு. ஆகவே மாத்திரையின் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையையே எடுத்து வாருங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எல்லாவற்றையும் சேர்த்து.

எதை நிறுத்த வேண்டும் என்பது எங்கே குத்தப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தைராய்டு, மார்பகம், தோலுக்கு அருகில் உள்ள நெறிகட்டி இவற்றில் ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ நிறுத்தத் தேவையில்லை. கல்லீரல், சிறுநீரகம், ஆழமான நுரையீரல் கட்டியை வெளியிலிருந்து அழுத்த முடியாது. அங்கே ஆஸ்பிரினை 3 முதல் 5 நாள், குளோபிடோக்ரெலை 5 நாள், வார்ஃபரினை 5 நாள் முன்னால் நிறுத்துவது வழக்கம். ஏபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நாள். கிட்னி பழுதானவர்களுக்கு அது நீளும். நம் ஊரில் வால்வு மாற்றியவர்கள் பலர் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு, இடையில் ஹெபாரின் ஊசி தேவைப்படுமா என்பது வால்வின் வகையைப் பொறுத்தது.

இந்த எண்களை வாசித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகாதவர் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம்; பயாப்ஸியில் வரும் கசிவைவிட அது பல மடங்கு ஆபத்து. செய்ய வேண்டியது ஒன்றே: இதய டாக்டரிடம் “இன்ன தேதியில் இன்ன உறுப்பில் பயாப்ஸி, மாத்திரையை நிறுத்தலாமா, எத்தனை நாள், எப்போது மறுபடி தொடங்க வேண்டும்” என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கி வருவது. மறுபடி தொடங்கும் தேதியைக் கேட்க மறந்து, பல வாரம் மாத்திரை இல்லாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது முக்கியமாக இரண்டு: ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர்., ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை. ஆழமான உறுப்பு என்றால் ஐ.என்.ஆர். 1.5 முதல் 1.8க்குள், பிளேட்லெட் 50,000க்கு மேல் வேண்டும். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நிறைய நீர் கட்டியிருந்தாலோ ரத்தம் உறைவது மிக மோசமாக இருந்தாலோ, வயிறு வழியே குத்தாமல் கழுத்தில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கல்லீரலில் சதை எடுக்கும் முறை இருக்கிறது. எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் “எடுக்கவே முடியாது” என்று ஓரிடத்தில் சொன்னால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

பிரஷர் மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தாதீர்கள். “வெறும் வயிறு” என்றதும் எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். சிறுநீரக பயாப்ஸிக்கு ரத்த அழுத்தம் 140/90க்குள் இருப்பது நல்லது. 160ஐத் தாண்டினால் பெரும்பாலும் அன்றைக்கு எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். விடியற்காலையில் ஒரு வாய் தண்ணீரோடு பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் நேர் எதிர்: சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அன்றைய அளவை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள்.

மயக்க மருந்து தருவதாக இருந்தால் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். லிக்னோகெயின் மரப்பு ஊசி பல் டாக்டரிடம் எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், கர்ப்பமாக இருந்தால் அல்லது நாள் தள்ளிப்போயிருந்தால், முதலிலேயே சொல்ல வேண்டும்.

அறைக்குள்

படுக்கும் நிலை உங்கள் வசதிக்கு அல்ல, ஊசியின் பாதைக்கு. சிறுநீரகத்துக்குக் குப்புறப் படுக்க வேண்டும். கட்டிலில் அரை மணி நேரம் குப்புறப் படுக்க முடியுமா என்று வீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சிறுநீரகம் என்றால் மல்லாந்து படுத்தால் போதும். முதுகுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஊசி எடுக்கும் முன் சொல்லுங்கள், பாதியில் அல்ல.

முதலில் ஸ்கேன் பார்த்துத் தோலில் குறி வைப்பார்கள். கிருமிநாசினி தடவி, பச்சைத் துணி விரித்து, மரப்பு ஊசி போடுவார்கள். மொத்தத்தில் அதிகம் எரிவது இதுதான், பத்துப் பதினைந்து நொடி. பிறகு குத்துவது தெரியாது, அழுத்துவது தெரியும். கல்லீரலின் உறையும் நுரையீரலின் உறையும் வலி உணரும் இடங்கள். அங்கே மரப்பு சரியாகப் பரவவில்லை என்றால் சுருக்கென்று இருக்கும். வலித்தால் வாயால் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போட இடமுண்டு. உடம்பை மட்டும் அசைக்காதீர்கள்.

மூச்சு பிடிப்பதுதான் நோயாளி செய்ய வேண்டிய உண்மையான வேலை. கல்லீரலும் சிறுநீரகமும் நுரையீரலின் கீழ்ப்பகுதியும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகரும். “மூச்சைப் பிடிங்க” என்றதும் பெரும்பாலானவர்கள் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடிப்பார்கள், அடுத்த முறை பாதி இழுப்பார்கள். இரண்டு முறையும் கட்டி வேறு வேறு இடத்தில் நிற்கும். ஆழமாக வேண்டாம், சாதாரணமாக மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அதே அளவு. அந்த மருத்துவமனையில் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதுபடி, ஆனால் அதிலும் ஒரே அளவு. முந்தின நாள் வீட்டில் 15 நொடி பிடித்துப் பழகுவது வீண் போகாது. தைராய்டுக்கு மூச்சு பிரச்சினையில்லை. எச்சில் விழுங்காமலும் பேசாமலும் இருக்க வேண்டும்.

கோர் ஊசியின் விசை விடும்போது ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் ‘டக்’கென்று சத்தம் வரும். சத்தத்துக்குத் துள்ளுகிறவர்கள் அதிகம் என்பதால் நல்ல டாக்டர்கள் முதலிலேயே ஒருமுறை காற்றில் அடித்துக் காட்டிவிடுவார்கள். காட்டவில்லை என்றால் கேளுங்கள். துண்டு இரண்டு முதல் ஐந்து வரை எடுப்பார்கள், புராஸ்டேட்டில் வழக்கமாகப் பன்னிரண்டு. நுரையீரல், கல்லீரல் போன்ற இடங்களில் வெளிக்குழாய் ஒன்றை ஒரே முறை உள்ளே வைத்து, அதன் வழியாக ஊசியைத் திரும்பத் திரும்ப விட்டு எடுப்பார்கள். உறை ஒருமுறை மட்டும் துளைபடும். கசிவும் குறைவு, சதையும் தாராளமாகக் கிடைக்கும்.

மார்பகக் கட்டிக்கு அறுவைக்கு முன் கீமோ கொடுக்கலாம் என்ற பேச்சு இருந்தால், பயாப்ஸியின்போதோ கீமோ தொடங்கும் முன்போ கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் குறி வைப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். கீமோவில் கட்டி கரைந்து காணாமல் போனால் பிறகு அறுவை டாக்டருக்கு எந்த இடத்தை வெட்டுவது என்று காட்ட அதுதான் இருக்கும்.

பாட்டில்

இதை யாரும் நோயாளிக்குச் சொல்வதில்லை, ஆனால் நம் ஊரில் பாட்டிலைக் கையில் கொடுத்து “லேபில் கொடுத்துடுங்க” என்று அனுப்புவது சாதாரணம். அதனால் தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண பரிசோதனைக்கான துண்டு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போக வேண்டும். துண்டின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். ஆனால் ஃபார்மலின் கிருமியையும் கொன்றுவிடும். காசநோய் சந்தேகம் இருந்து எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால், கிருமியை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. எந்த மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்கும் என்பதும் தெரியாமல் போகும். கழுத்து நெறிகட்டி, முதுகெலும்பு, நுரையீரல் என எதுவானாலும் நம் நாட்டில் காசநோய் பட்டியலில் இருந்தே தீரும். ஆகவே “ஒரு துண்டு சலைனில் டி.பி. கல்ச்சருக்கும் சி.பி.நாட்டுக்கும் போகிறதா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். சி.பி.நாட் என்பது காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை, அரசு காசநோய் திட்டத்தில் இலவசம். லிம்ஃபோமா என்றால், செல்களை வகை பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு ஃபார்மலின் படாத துண்டு வேண்டும். சிறுநீரகத்துக்கு இம்யூனோஃப்ளூரசன்ஸ் (ஒளிரும் சாயம் இட்டுச் செய்யும் சோதனை) பார்க்க ஒரு துண்டு தனித் திரவத்தில் போக வேண்டும். அது இல்லாமல் சில சிறுநீரக நோய்களை உறுதி செய்யவே முடியாது.

பாட்டில் உங்கள் கைக்கு வந்தால் மேலே பெயர், வயது, எந்த உறுப்பு, வலதா இடதா, எடுத்த நேரம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், திறந்து முகராதீர்கள், கண் எரியும். ஃபார்மலின் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். சலைன் பாட்டில் அப்படியல்ல, அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபார்மலினில் இருப்பதையும் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விடாதீர்கள். மார்பகக் கட்டியின் ஹார்மோன் பரிசோதனைக்குத் துண்டு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறியிருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை வாங்கிய பாட்டில் புதன்கிழமை வரை வீட்டு அலமாரியில் இருந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

கூடவே போகும் விண்ணப்பத் தாளில் “கட்டி, பயாப்ஸி” என்று மட்டும் எழுதியிருந்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் பின்செய்து கொடுங்கள். பழைய கேன்சர், காசநோய், சாப்பிடும் மருந்துகள் பற்றி மைக்ரோஸ்கோப்பின் முன் உட்காரும் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் ரிப்போர்ட்டின் தரமே மாறும்.

முடிந்த பிறகு

தைராய்டுக்கும் மார்பகத்துக்கும் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒத்தடம் கொடுத்தால் ரத்தக்கட்டு குறையும். நீலம் பாய்ந்த தோல் இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும்.

கல்லீரலில் கசிவு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால் இரண்டு முதல் நான்கு மணி நேரமாவது படுக்க வைத்து நாடியும் அழுத்தமும் பார்ப்பார்கள். வலது தோள்பட்டையில் வலித்தால் பயப்பட வேண்டாம். உதரவிதானம் உறுத்தப்பட்டால் வலி தோளில்தான் தெரியும். பெரிய கசிவு நூறில் ஒருவருக்கும் குறைவு. சிறுநீரகத்தில் கசிவு தாமதமாகவும் வரலாம், அதனால் ஓர் இரவு தங்கச் சொல்வார்கள். நூறில் மூன்று நான்கு பேருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பெரும்பாலும் தானே நிற்கும்.

நுரையீரல் சற்று வேறு கதை. ஊசி போன வழியில் காற்று கசிந்து நெஞ்சுக் கூட்டில் சேர்வது ஐந்தில் ஒருவருக்கோ நான்கில் ஒருவருக்கோ நடக்கும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அளவு குறைவு, தானே உறிஞ்சப்பட்டுவிடும். குழாய் போட வேண்டியது நூறில் ஐந்தாறு பேருக்குத்தான். நாள்பட்ட புகைப் பழக்கத்தால் நுரையீரல் ஊதிப்போனவர்களுக்கும் ஆழத்தில் இருக்கும் சிறிய கட்டிகளுக்கும் வாய்ப்பு அதிகம். எடுத்ததும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைப்பார்கள். துளை அழுத்தப்பட்டு மூடிக்கொள்ள அது உதவும். இருமலையும் பேச்சையும் அடக்குங்கள். ஒரு மணி நேரத்திலும் நான்கு மணி நேரம் கழித்தும் எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். இரண்டாவது எக்ஸ்ரேவுக்கு முன் “நல்லாத்தான் இருக்கேன்” என்று கிளம்பிவிடாதீர்கள். காற்று கசிந்திருந்தால் முழுதும் சரியாகிச் சில வாரம் ஆகும்வரை விமானத்தில் போகக் கூடாது. எப்போது போகலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, அன்றிரவே பஸ் ஏறுவது. கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் எடுத்த இரவு மருத்துவமனைக்கு அரை மணி நேரத் தொலைவுக்குள், துணைக்கு ஒருவரோடு தங்குங்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வயிறு வலித்தால் பஸ்ஸை எங்கே நிறுத்துவது?

வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கூடாது. மறுநாள் பிளாஸ்திரியை எடுத்துவிட்டுக் குளிக்கலாம். கல்லீரல், சிறுநீரகத்துக்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை தூக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் காலையாகட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள், தேவையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்:

– எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குளிர்ந்து வேர்ப்பது, நெஞ்சு படபடப்பது
– வயிற்றுவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, வயிறு கல்லாக இறுகுவது
– மூச்சு வாங்குவது, புதிதாக நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் நிற்காமல் வருவது
– கழுத்தில் எடுத்த பிறகு வீக்கம் வேகமாகப் பெரிதாவது, குரல் மாறுவது
– சிறுநீரில் கட்டி கட்டியாக ரத்தம், அல்லது சிறுநீரே போகாமல் அடைப்பது
– 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்

கடைசியது புராஸ்டேட் பயாப்ஸிக்குப் பிறகு மிக முக்கியம். ஆசனவாய் வழியாக எடுக்கும்போது குடல் கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம். கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுக்கும் முறையில் இந்தத் தொற்று நன்றாகக் குறைகிறது, வசதியிருந்தால் அதைக் கேளுங்கள். விந்தில் சில வாரம் ரத்தம் தெரிவதற்கு மட்டும் கவலைப்பட வேண்டாம்.

ஊசி குத்தினால் பரவுமா?

மார்பகத்திலோ தைராய்டிலோ நுரையீரலிலோ ஊசி குத்தியதால் கேன்சர் கிளர்ந்து உடம்பெங்கும் பரவியது என்று அக்கம்பக்கத்தில் சொல்லப்படும் கதைகளில், நோய் முன்பே பரவியிருந்து ஊசிக்குப் பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். அதற்காக ஊசித் தடத்தில் செல் ஒட்டுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்லீரல் கேன்சரில் நூறில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி நேர்ந்ததைப் பழைய ஆய்வுகள் காட்டின. அதனால்தான் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி.யிலோ எம்.ஆர்.ஐ.யிலோ அதற்கே உரிய அடையாளங்களைக் காட்டினால் பயாப்ஸி இல்லாமலேயே வைத்தியம் தொடங்குகிறார்கள். விதைக் கட்டிக்கு ஊசி போடுவதில்லை, நேரே அறுவைதான். சினைப்பையோடு நிற்கும் கட்டியையும் ஊசியால் குத்துவதைத் தவிர்ப்பார்கள், உறை கிழிந்து வயிற்றுக்குள் சிந்தக்கூடும் என்பதால். கை கால் தசையிலோ எலும்பிலோ சார்கோமா (அங்கே தொடங்கும் கேன்சர்) சந்தேகம் என்றால், பின்னால் அறுவை செய்யப்போகும் டாக்டரே ஊசி போகும் பாதையை முடிவு செய்ய வேண்டும்; அறுவையின்போது அந்தத் தடத்தையும் சேர்த்து எடுப்பார்கள். தப்பான பக்கத்திலிருந்து போட்ட ஒரு ஊசியால் காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்கவும் நேரலாம். ஆகவே இந்தக் கட்டிகளுக்கு அருகில் உள்ள ஸ்கேன் மையத்தில் அவசரமாக எடுத்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட்

எஃப்.என்.ஏ.சி. ஒன்றிரண்டு நாளில் வரும். கோர் துண்டுக்கு மூன்று முதல் ஏழு நாள். செல்லின் வகையை உறுதி செய்யச் சிறப்புச் சாயம் இடும் இம்யூனோ பரிசோதனை தேவைப்பட்டால் இன்னொரு வாரம். மரபணுச் சோதனைக்கு இரண்டு வாரம் போல ஆகும். எலும்பு என்றால் சுண்ணாம்பைக் கரைக்கவே சில நாள். டி.பி. கல்ச்சர் ஆறு வாரம் வரை. தாமதம் என்றாலே கேன்சர் என்று அர்த்தமில்லை.

“கேன்சர் செல் இல்லை” என்ற வரியைப் பார்த்ததும் கோவிலுக்குக் கிளம்பும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: ஸ்கேனில் தெரிந்ததை இந்த ரிப்போர்ட் விளக்குகிறதா? மேமோகிராமில் பைராட்ஸ் 5 என்று, அதாவது பெரும்பாலும் கேன்சர்தான் என்று, இருந்த கட்டிக்கு “சாதாரண மார்பகத் திசு” என்று வந்தால் ஊசி கட்டியைத் தொடவில்லை என்றே கொள்ள வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும். நுரையீரலில் “ஹமர்டோமா” (கேன்சர் அல்லாத ஒரு கட்டி) என்றோ “காசநோய் கட்டி” என்றோ பெயர் சொல்லி வந்தால் அது பதில். “குறிப்பிட்டுச் சொல்ல முடியாத அழற்சி” என்று வந்தால் அது பதிலல்ல. சில வாரத்தில் மறு ஸ்கேன், இல்லையென்றால் மறு பயாப்ஸி. தைராய்டு ரிப்போர்ட் பெத்தஸ்டா என்ற ஆறு படி அளவில் வரும். முதல் படி நல்ல செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். அது “போதுமான செல் இல்லை” என்பது; பத்துப் பத்து செல்களாவது கொண்ட ஆறு கூட்டங்கள் கிடைக்காவிட்டால் அப்படித்தான் எழுதுவார்கள். இரண்டுதான் நல்லது. நான்கு என்றால் எத்தனை முறை ஊசி போட்டாலும் ஊசியால் தீர்ப்பு சொல்ல முடியாது, ஏனென்றால் கட்டி தன் உறையைத் துளைத்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு முழுக் கட்டியும் வேண்டும்.

ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்க முடியும். அடையாறு, வேலூர் போன்ற பெரிய மையங்களுக்குப் போனால் தங்கள் லேபில் மறுபடி பார்க்க முதலில் கேட்பதே அதைத்தான். நுரையீரல் கேன்சரில் எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுச் சோதனையும் அதே பிளாக்கிலிருந்துதான். எனவே பல லேபுகளுக்குத் துண்டு துண்டாக வெட்டக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பிளாக்கை வெயில் படும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள், மெழுகு உருகும். ஸ்லைடுகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துப் பஞ்சு சுற்றிக் கைப்பையில் எடுத்துப் போங்கள். கொடுத்த இடத்தில் எண் குறித்த ரசீது வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.